சாத்தூர் வெயில் ஏறிய தள்ளுவண்டி

சாத்தூர் வெயில் சாத்தூரைத் தாண்டிப் போனதில்லை என்று யாராவது சொன்னால், அவர்களுக்குச் சோலைராஜையும் அவன் மகள் குயிலியையும் குயிலியின் தள்ளுவண்டியையும் தெரியாது என்று பொருள். அது போயிருக்கிறது. மதுரையில் ஏறி, நடுவில் ஒரு பாலைவனத்து விமான நிலையத்தில் இறங்கி மாறி, மழையும் மேகமும் தவிர வேறொன்றும் விளையாத அயர்லாந்தின் மேற்குக் கரையில், பேர் சொன்னாலும் நம் வாயில் நிற்காத ஒரு சின்னத் துறைமுக ஊர்வரைக்கும் போயிருக்கிறது. போன இடத்தில் மரியாதையாகவும் நடத்தப்பட்டிருக்கிறது.

சோலைராஜ் சாத்தூர் பஜாரில் வாடகைப் பாத்திரக் கடை வைத்திருந்தான். ஊரில் எந்த வீட்டில் கல்யாணம் என்றாலும் சாம்பார் கொதித்தது அவன் அண்டாவில்தான். அவன் மனைவி தமயந்தி நர்ஸ். குயிலிக்கு இரண்டு வயது முடிந்தபோது, வெளிநாட்டு வேலைக்கு எழுதிப் போடு என்று அவளைப் பிடித்துத் தள்ளியவன் அவன்தான். அவள் தயங்கியபோது, "பிள்ளைய நான் பார்த்துக்கிட மாட்டேனா, அமுதா அக்கா இருக்கு, ஊரு இருக்கு" என்றவனும் அவன்தான். அவள் போன பிறகு கொஞ்ச காலம் பஜாரில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தான். அப்புறம் ஒருநாள், வீட்டில் சாப்பாட்டுத் தட்டைக் கழுவிக் கவிழ்க்கும்போது, இப்படி நிமிர்ந்து நடப்பதைப் பார்க்க வேண்டியவள் ஊரில் இல்லை என்பது அவனுக்கு உறைத்தது. அன்றிலிருந்து அவளைத் திரும்ப வரவழைக்க வேண்டும் என்று நினைத்தான். போகச் சொன்ன வாயால் வா என்று எப்படிச் சொல்வது என்று சொல்லாமல் இருந்தான்.

அந்த மே மாதம் தமயந்தியே போனில் ஒரு பேச்சு வைத்தாள். "லீவுக்குக் கூட்டிட்டு வாங்க. பிள்ளைக்கு இங்க ஒத்துக்கிட்டா செப்டம்பர்ல இங்கயே ஸ்கூல்ல சேத்துருவோம், நீங்களும் பின்னால வந்துருங்க. ஒத்துக்கலைன்னா நான் வேலைய விட்டுட்டு உங்க கூடவே வந்துர்றேன். அதுக்கப்புறம் பேச்சே கிடையாது."

நியாயமான பேச்சு என்று அவனும் ஒத்துக்கொண்டான். நியாயமான பேச்சுக்கு ஒத்துக்கொள்கிற எல்லோரையும் போல, முடிவு என்னவாக இருக்க வேண்டும் என்பதை அப்போதே தீர்மானித்தும் வைத்திருந்தான்.

"அங்க எல்லாத்துக்கும் நடக்கணும். வண்டி ஒண்ணு கொண்டு வாங்க" என்று அவள் சொன்னதால், விருதுநகர் போய் ஒரு தள்ளுவண்டி வாங்கி வந்தான். சாத்தூரில் தள்ளுவண்டி என்றால் வெள்ளரிக்காய் விற்பது. பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்கு அதை உருட்டிக்கொண்டு வந்தபோது, "என்ன அண்ணாச்சி, பாத்திர வியாபாரம் படுத்துருச்சா? வெள்ளரிக்கா கிலோ என்ன வெல?" என்று இரண்டு கடைக்காரர்கள் கேட்டார்கள். அக்கா அமுதா மட்டும் வியாபாரம் கேட்கவில்லை. "நாலு வயசுக் கழுதைக்கு வண்டி கேக்குதோ? நாளைக்கு நடக்க மாட்டேன்னு ஒக்காந்துச்சுன்னா நீதான் காலம்பூரா தள்ளணும்" என்றாள். சொல்லிவிட்டு, கடையில் யார் யார் தொட்டார்களோ என்று வண்டியை நன்றாகக் கழுவி மொட்டைமாடியில் காயப்போட்டாள்.

கத்திரி வெயில் உச்சியில் இருந்த நேரம். காயப்போட்டதை எடுக்கப் போனது சோலைராஜ். வெயிலில் காய்ந்ததை உடனே மடக்கக் கூடாது, கொஞ்சம் நிழலில் போட்டு ஆறவிட்டுத்தான் மடிக்க வேண்டும் என்பது வீட்டில் கை வைக்கிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம். புறப்படுகிற நாள் அது, அவனுக்கு டாக்சிக்கு நேரமாகியிருந்தது. மாடியிலேயே, நடு வெயிலிலேயே, படக்கென்று மடக்கிவிட்டான். பின்னால் பலர் பலவிதமாகக் காரணம் சொன்னார்கள். அமுதா சொன்ன காரணம் இதுதான்: மடையன் வெயிலையும் சேர்த்து மடக்கிவிட்டான்.

அயர்லாந்தில் இறங்கிய விமான நிலையத்தில் வண்டியை விரித்துக் குயிலியை உட்கார வைத்தபோது, அதன் கூரைத்துணிக்கு அடியில் சாத்தூர் இருந்தது. ஊர் முழுக்க என்று சொல்ல முடியாது. வெயில் இருந்தது, அதன் அனல் இருந்தது, காய்ந்த வேப்பம்பூ வாசம் இருந்தது, தூரத்தில் யாரோ ஒருவர் சைக்கிளில் கோலப்பொடி கூவிப் போகிற சத்தம் இருந்தது. குயிலி போட்டிருந்த கம்பளிச் சட்டையைக் கழற்றி அப்பாவிடம் கொடுத்துவிட்டு, பெனியனோடு சாய்ந்து உட்கார்ந்தாள். சுங்க அதிகாரி ஒருவர் குனிந்து கூரைக்குள் தலையை விட்டார், நெற்றியைத் துடைத்தபடி தலையை எடுத்தார், இறைச்சியோ பாலோ விதையோ இருக்கிறதா என்று கேட்டார், இல்லை என்றதும் போகச் சொன்னார். வெயில் கொண்டுவரக் கூடாது என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

வெளியே தமயந்தி நின்றிருந்தாள். நீளமான கோட்டுக்குள் அவள் மெலிந்திருந்தது தெரியவில்லை, முகத்தில் தெரிந்தது. மண்டியிட்டு இரண்டு கைகளையும் நீட்டினாள். குயிலி அவளைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், மறுபடி சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

"எறங்குடா செல்லம், அம்மாடா."

"இறங்க மாட்டேன். வெளிய குளிருது."

"குளிருது பாவம்" என்றான் சோலைராஜ், தன் குரலில் கவலை சரியான அளவில் இருந்ததா என்று யோசித்துக்கொண்டே.

ஊர்க்காரர்கள் இதை எப்படி எடுத்துக்கொள்வார்களோ என்று முதல் நாள் அவனுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் வருஷம் முழுக்க வானத்தைப் பற்றி மட்டுமே பேசிப் பழகிய ஊர் அது. வானத்தில் ஒரு துண்டு தள்ளுவண்டியில் வந்திறங்கியதை, வழக்கமான பேச்சில் ஒரு புது விஷயமாகச் சேர்த்துக்கொண்டது. தமயந்தி குடியிருந்தது துறைமுகத்தை ஒட்டிய ஒரு மாடிவீடு; வண்டி அதன் வாசலில் நின்றது. கீழ்வீட்டு மிஸஸ் ஃபிளின்தான் முதலில் வந்தாள். காலை வணக்கம் சொன்னாள், இன்றைக்கு உங்கள் வண்டியில் நல்ல வெயில் என்றாள், ஈரக் காலுறை ஒரு ஜோடியைக் கூரையின் ஓரத்தில் தொங்கவிட்டாள், டீ குடித்து முடித்துக் காய்ந்த காலுறையை எடுத்துக்கொண்டு போனாள். மறுநாள் அவள் தங்கை வந்தாள், தங்கையின் மூட்டுவலி வந்தது, தபால்காரர் வந்தார், மீன்பிடிப் படகிலிருந்து விறைத்த விரல்கள் வரிசையாக வந்தன, பழுக்க மாட்டேன் என்று அடம்பிடித்த தக்காளிகள் கூடையில் வந்தன, யாருடையது என்று தெரியாத ஒரு பூனை வந்து குயிலியின் காலடியில் சுருண்டு வெகுநேரம் போகவில்லை.

எல்லோரையும் குயிலி அனுமதித்தாள். ஒரே ஒரு நிபந்தனை. "செருப்பக் கழட்டிட்டு வாங்க" என்றாள், தமிழில்தான். இது வீடு, வீட்டுக்குள் செருப்போடு வருகிறவர்களை அத்தை திட்டும். அந்த ஊருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் நாலு வயதுப் பிள்ளை விரலை நீட்டிக் காலைக் காட்டினால் எந்த ஊருக்கும் புரியும். துறைமுகத்து ஈரக் கல்தரையில் பூட்ஸுகள் ஜோடி ஜோடியாக வரிசையில் நின்றன. பங்குச்சாமியார்கூடக் கழற்றினார். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் அதைப் பற்றிப் பேசவும் பேசினார்: கடவுள் அனுப்பிய வெப்பம் என்று அவர் சொன்னபோது, சோலைராஜுக்கு வருத்தமாகக்கூட இருந்தது. சாத்தூரில் அதே வெப்பத்தை ஊரார் திட்டும் வார்த்தைகளைக் கோயிலில் வைத்துச் சொல்ல முடியாது.

அப்புறம் மாவு வந்தது. சுற்றுவட்டாரத்தில் வேலை பார்த்த தமிழ்க் குடும்பங்களுக்குச் செய்தி எட்டியதும், சனிக்கிழமை காலையில் கார்கள் வந்து நின்றன, கார்களிலிருந்து எவர்சில்வர் தூக்குவாளிகள் இறங்கின. அந்தக் குளிரில் இட்லி மாவு புளிப்பதில்லை. ஓவனுக்குள் விளக்குப் போட்டு வைத்துப் பார்த்தவர்கள், கம்பளிக்குள் சுற்றிக் கட்டிப்பிடித்துப் படுத்துப் பார்த்தவர்கள், எல்லோரும் தோற்றவர்கள். வண்டிக்குள் வைத்த மாவு மதியத்துக்குள் பொங்கி மூடியைத் தள்ளியது.

"பொங்கிருச்சு!" என்று காரைக்குடிக்காரர் ஒருவர் தெருவில் நின்று கத்தினார். அவர் பெரிய கம்பெனியில் பெரிய வேலையில் இருப்பவர். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சார், இந்த வாசனை புடிச்சு எட்டு வருஷம் ஆச்சு சார்."

"அழாதீங்க மாமா, இட்லி அவிச்சதும் ஒண்ணு தாங்க" என்றாள் குயிலி. அவள் மடியில் ஒரு வாளி, இரண்டு பக்கமும் இரண்டு வாளி.

வண்டிக்குள் ஓடியது சாத்தூர் நேரம். இங்கே பிற்பகல் ஆகும்போதே சாத்தூரில் பொழுது சாய்ந்துவிடும் என்பதால், அந்த ஊரில் நல்ல வெளிச்சம் இருக்கும்போதே வண்டிக்குள் இருட்டிவிடும். உள்ளே நட்சத்திரம் தெரியும், கொசு ஒன்று இரண்டு வரும். குயிலி தூங்கிவிடுவாள். கூட்டம் குரலைத் தாழ்த்திக்கொண்டு பூட்ஸை மாட்டிக் கலையும். ஊரே அவள் நேரத்துக்குத் தன் வேலைகளை மாற்றிக்கொண்டது. பேக்கரிகூட முன்னதாகத் திறந்தது. சோலைராஜ் சக்கரங்களுக்கு எண்ணெய் விட்டான். வண்டி நன்றாக ஓட வேண்டும் என்பதற்காக என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். பிள்ளை அதிலிருந்து இறங்காமல் இருந்தால் கணக்கு யார் பக்கம் முடியும் என்பது அவனுக்குத் தெரியாமல் இல்லை. நான் கெட்டவனா என்று தன்னையே கேட்டுப் பார்த்தான். இல்லை என்று பதில் வந்தது. பதில் கொஞ்சம் சீக்கிரம் வந்துவிட்டதோ என்று மட்டும் உறுத்தியது.

ஊரில் எல்லோரும் வந்து போன வண்டிக்குத் தமயந்தி மட்டும் வரவில்லை. வேலைக்குப் போவாள், வருவாள், சமைப்பாள், வண்டிக்கு வெளியே நின்று தட்டை நீட்டுவாள். ஒருநாள் காலை, வேலை முடிந்து வந்தவள், மீனவர்களுக்கும் மிஸஸ் ஃபிளினின் தங்கைக்கும் பின்னால் வரிசையில் நின்றாள். தன் முறை வந்ததும் குனிந்து ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தாள். ஈரத் தரையில் அவள் பாதம் வெளுத்திருந்தது.

"நீங்க வேணாம்" என்றாள் குயிலி. விருந்தாளிகளிடம் எப்படிப் பேச வேண்டும் என்று அத்தை சொல்லிக்கொடுத்த மரியாதை அதில் இருந்தது. "உங்களுக்கு வெயில் ஆகாதுல்ல."

"எனக்கா? யாருடா சொன்னா?"

"அப்பாதான். அம்மா ஏன் போனாங்கன்னு கேட்டேன்ல. அம்மாவுக்கு நம்ம ஊரு வெயில் புடிக்கல, அதான் போயிட்டாங்கன்னு அப்பா சொல்லுச்சு. உள்ள வந்தா ஒங்களுக்கு ஒடம்பு சுட்டுரும்."

குழந்தை அக்கறையாகத்தான் சொன்னது. வரிசையில் நின்றவர்களுக்கு மொழி தெரியாது, ஆனாலும் அவர்கள் ஏதோ ஒரு படகைப் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டார்கள். சோலைராஜும் அதே படகைப் பார்த்தான். தமயந்தி அவனை ஒரு பார்வை பார்த்தாள், ஷூவை மாட்டிக்கொண்டு மாடிப்படி ஏறினாள்.

அவன் பின்னாலேயே போனான். "பிள்ளை தெனம் கேட்டா என்னதான் சொல்ல? ஏதாவது ஒண்ணு சொல்லணும்ல."

"நான்தான் அம்மாவப் போகச் சொன்னேன்னு சொல்லியிருக்கலாம்."

"அது நாலு வயசுப் பிள்ளைக்குப் புரியுமா?"

"வெயில் புடிக்கலைங்கிறது மட்டும் நல்லாப் புரிஞ்சிருக்கே" என்றாள். கோபமாகக்கூட இல்லை. ஜன்னல் வழியாகக் கீழே வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்த ரெண்டு வருஷமும், ஆஸ்பத்திரியில துணி காய வைக்கிற மெஷின் ரூமுக்குப் போயி, கதவச் சாத்திட்டு நிப்பேன். நம்ம மாடி மாதிரி இருக்கும்."

 

அடுத்த நாள் அவளுக்கு விடுமுறை. விடிந்ததிலிருந்து அடுப்பில் ஏதோ கிண்டினாள். ஜவ்வரிசிக் கூழ், உப்பும் பச்சைமிளகாயும் சீரகமும் போட்ட வற்றல் கூழ். அவனுடைய நாலு முழ வேட்டி ஒன்றை நனைத்துப் பிழிந்து, துறைமுகத்துச் சுவரோரத்தில் விரித்து நாலு மூலையிலும் கல் வைத்தாள். குயிலியிடம் போய், வண்டிக்குள் எட்டிப் பார்க்காமல், எட்ட நின்று கேட்டாள்: "பாப்பா, வத்தல் போடணும். இங்க வெயிலே இல்ல. ஒன் வெயில்ல கொஞ்சம் தருவியா?"

வற்றல் விஷயத்தில் குயிலிக்கு விளையாட்டு கிடையாது. சாத்தூரில் ஒவ்வொரு மே மாதமும் மாடியில் வற்றல் காயும்போது, குச்சியைப் பிடித்துக்கொண்டு காக்காய் விரட்டும் பொறுப்பு நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அவளுடையது. யோசித்தாள். "தாரேன். ஆனா வெயில் இங்கதான் இருக்கும்."

சோலைராஜ் வண்டியை வேட்டிக்கு நேராகத் திருப்பி வைத்தான். கூரைத்துணியை நன்றாகப் பின்னால் தள்ளியதும், உள்ளிருந்த வெயில் வாசல் விளக்கைப்போல வெளியே விழுந்தது. சாம்பல் நிறக் கல்தரையில், வேட்டியின் அளவுக்கு, மஞ்சளாக ஒரு சாத்தூர் மதியம். தமயந்தி கரண்டியால் அள்ளி அள்ளி வட்ட வட்டமாக ஊற்றிக்கொண்டே பின்னால் நகர்ந்தாள். வேட்டியின் அடுத்த கோடிக்குப் போனபோது அவள் வெயிலுக்கு வெளியே, தூறலில் நின்றிருந்தாள். கறுப்புக் குடை ஒன்றை விரித்துப் பக்கத்தில் வைத்தாள். ஊரில் காக்காய் அதைப் பார்த்துப் பயப்படும்.

அந்தக் கரையில் காக்காய் இல்லை. அதைவிட நாலு மடங்கு பெரிய வெள்ளைக் கடல்பறவைகள் இருந்தன. மீனவர் கையிலிருந்து ரொட்டியைப் பிடுங்கித் தின்று வளர்ந்தவை. அவற்றில் ஒன்று வந்து குடையின் மேலேயே உட்கார்ந்து, வற்றலை நிதானமாகப் பார்வையிட்டது. இன்னொன்று இறங்கி ஒரு வட்டத்தைக் கொத்தியது.

"அம்மாடி! திங்கிது! ச்சூ! ச்சூ!" குயிலி வண்டிக்குள் எம்பினாள். பறவை அவளைப் பார்த்தது, இரண்டாவது வட்டத்தைக் கொத்தியது.

தமயந்தி நகரவில்லை. கரண்டியோடு நின்றாள், மகளைப் பார்த்துக்கொண்டு.

அப்போதுதான் சோலைராஜுக்குப் புரிந்தது. இந்தப் பறவையை வேறு யாரும் விரட்டாவிட்டால் வண்டியிலிருந்து யார் இறங்குவாள் என்று புரிந்தது. புரிந்த கணத்திலேயே அவன் கால்கள் ஓடின. ஓடினான், கையை வீசினான், துண்டைச் சுழற்றினான், "ஏய், போ, போ" என்று இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் பாய்ந்தான். பாத்திரக் கடை முதலாளி, பஜாரில் அவசரத்துக்குக்கூட வேகமாக நடக்காதவன், ஒரு வேட்டிக்குக் காவலாக மூச்சிரைக்க ஓடினான். வற்றலைக் காப்பாற்றுகிறான் என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். மிஸஸ் ஃபிளின் கைதட்டினாள். இந்தப் பக்கம் ஒன்றைத் துரத்தினால் அந்தப் பக்கம் இரண்டு இறங்கின. எங்கிருந்தெல்லாமோ கூட்டிக்கொண்டு வந்தன. ஒன்று அவன் தலையில் இறக்கையால் அடித்துவிட்டுப் போனது; தடுமாறி, கூழ் வட்டம் ஒன்றின் மேல் காலை வைத்து வழுக்கி உட்கார்ந்தான்.

வண்டிக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அப்புறம், "ஐயோ, அப்பாவுக்கு வெரட்டவே தெரியல" என்ற குரல், அப்புறம் வெறும் பாதங்கள் ஈரத் தரையில் ஓடும் சத்தம்.

அவன் நிமிர்ந்து பார்த்தபோது குயிலி வேட்டியைத் தாண்டிப் போயிருந்தாள். பெனியனும் ஜட்டியுமாக, தூறலில், அம்மாவின் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு, பறவைகளுக்கு நடுவில் நின்று சுழற்றினாள். "நீ அந்தப் பக்கம் வெரட்டும்மா! அந்தப் பக்கம்! குண்டுப் பறவை வருது பாரு!" தமயந்தி ஓடினாள். இரண்டு பேரும் கத்தினார்கள், சாத்தூர் மொட்டைமாடியில் கத்துகிற கத்து. எதற்கும் அஞ்சாத பறவைகள் எழுந்து பறந்து, படகுகளின் மேல் போய் உட்கார்ந்து, மனம் புண்பட்டவைபோல வேறு பக்கம் பார்த்தன.

குயிலிக்குப் பல் கிட்டியது. தன் கைகளையே பார்த்தாள். ரோமம் எல்லாம் நட்டுக்கொண்டு நின்றது. அப்படி அவள் தன் கையைப் பார்த்ததே இல்லை. "அம்மா, இது என்ன?"

"குளிரு."

"இதான் குளிரா?" என்றாள், கொஞ்சம் ஏமாற்றமாக. தமயந்தி கோட்டின் பொத்தான்களைக் கழற்றினாள். குயிலி வண்டியைத் திரும்பிப் பார்த்தாள்; பிறகு கோட்டுக்குள் போனாள். பொத்தான்களைப் போட்டதும், ஒரு கோட்டுக்கு மேலே இரண்டு தலைகள் இருந்தன. அப்படியே சுவரோரம் உட்கார்ந்துகொண்டார்கள். வற்றல் காயும்வரைக்கும் ஒருவர் உட்கார்ந்துதான் ஆக வேண்டும்.

சோலைராஜ் எழுந்து பின்பக்கம் ஒட்டிய கூழைத் துடைத்துக்கொண்டு வண்டிப் பக்கம் போனான். உள்ளே யாரும் இல்லை. வெயில் அப்படியே இருந்தது, வேப்பம்பூ வாசம் இருந்தது, கோலப்பொடிக்காரர் இன்னும் தூரத்தில் போய்க்கொண்டிருந்தார். இத்தனை நாளும் எத்தனையோ பேரை வரிசையில் நிறுத்திவைத்தவன், அதன் வாசலில் தான் நின்று பார்த்ததில்லை. முதுகில் சுள்ளென்று விழுந்தது. சுகமாக இருந்தது. ஊர் வெயில், அவன் வெயில், முழுசாக அவன் ஒருவனுக்கு. எவ்வளவு நேரம் நின்றான் என்று தெரியாது.

"அப்பா" என்று கூப்பிட்டாள் குயிலி, கோட்டுக்குள்ளிருந்து. "அப்பா, நெழல் விழுது."

அவன் குனிந்து பார்த்தான். மேகம் மூடிய அந்த ஊரில் யாருக்கும் நிழல் இல்லை. படகுக்கு இல்லை, மிஸஸ் ஃபிளினுக்கு இல்லை, சுவரோரம் இருந்த இரண்டு தலைகளுக்கும் இல்லை. அவனுக்கு மட்டும் இருந்தது. காலடியில் தொடங்கி, வேட்டியை இரண்டாக வெட்டி, அந்தக் கோடியில் தமயந்தியின் முழங்கால்வரைக்கும் கறுப்பாக நீண்டு கிடந்தது. அதற்கு அடியில் ஒரு வற்றல்கூடக் காயவில்லை.

"அங்க நின்னா வத்தல் எப்படிப்பா காயும்? இங்கிட்டு வா."

தமயந்தி கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். சுவரோரத்தில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் வந்தது.

சோலைராஜ் விரித்த வேட்டியைச் சுற்றி நடந்து அந்தப் பக்கம் போனான். அங்கே நல்ல குளிர்.